"வீட்டுல சொல்லிடுவேன்"னு மிரட்டுறவன்கிட்ட இருந்து புள்ளைய எப்படி மீட்டு கொண்டு வர்றது

தர்மபுரியில வீட்டு மாடியில டியூஷன் எடுக்கறேன், பத்தாவது, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பசங்களுக்கு. போன வருஷம் ஒரு பொண்ணு தினமும் கணக்கு போட்டு முடிச்சதும் "அக்கா, போர்டை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா"ன்னு கேக்கும், எடுத்துக்கோ கண்ணுன்னு விட்டுடுவேன், எவ்ளோ அக்கறையா படிக்குதுன்னு எனக்கு பெருமை வேற. ரெண்டு மாசம் கழிச்சுதான் கவனிச்சேன், போர்டுக்கு மேல மாட்டியிருக்கற கடிகாரமும் விழற மாதிரி போனை தூக்கி தூக்கி புடிக்குது. டியூஷன்லதான் இருக்கேன்னு ஒருத்தனுக்கு ப்ரூஃப் அனுப்பிட்டு இருந்திருக்கு. மணி தெரியலைன்னா நம்ப மாட்டானாம்.

கேட்டா "அவன் கொஞ்சம் பொசசிவ் அக்கா"ன்னு சொல்லிட்டு சிரிக்குது. இந்த பொசசிவ்ங்கற வார்த்தைய காதுல கேட்டீங்கன்னா அங்கேயே கொஞ்சம் நில்லுங்க. அடி விழற வரைக்கும் பிரச்சனையே இல்லன்னுதான் நிறைய பேர் நெனைக்கறாங்க, ஆனா அடி கடைசியாத்தான் வரும். அதுக்கு முன்னாடி இன்ஸ்டா பாஸ்வேர்டு கேப்பான், லைவ் லொகேஷன் ஆன்ல வைன்னுவான், அந்த ஃப்ரெண்டோட பேசாத, இந்த ட்ரெஸ் போடாத, வாட்ஸப்ல ஆன்லைன் காட்டுச்சே யாரோட பேசுனன்னு நோண்டுவான், நீ பேசலைன்னா கையை அறுத்துக்குவேன்னு பிளேடோட போட்டோ அனுப்புவான், அடுத்த நாள் அழுதுட்டே டெய்ரி மில்க் வாங்கி குடுப்பான். இது சுத்தி சுத்தி வரும். பையனுக்கு இப்படி பண்ற பொண்ணுங்களும் இருக்காங்க, அவன் வெளிய சொன்னா கூட இருக்கறவனுங்க கலாய்ப்பானுங்கன்னு இன்னும் உள்ளயே வச்சு புழுங்குவான்.

வீட்டுல இருந்து பாக்கறவங்களுக்கு என்ன தெரியும்னா, போன் அடிச்சதும் புள்ள முகம் மாறும், ஒரு நிமிஷம் லேட்டா எடுத்தா "சாரி சாரி"ன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும். பாத்ரூம்குள்ளயும் போன் போகும். பழைய ஃப்ரெண்ட்ஸ் யாரும் வர மாட்டாங்க, வெயில்லயும் முழுக்கை சட்டை, எப்பவும் போற பஸ்ஸை விட்டுட்டு அடுத்த பஸ்ல வரும். இதுல ஒண்ணு மட்டும் இருந்தா பரீட்சை டென்ஷனாகூட இருக்கலாம், மூணு நாலு சேர்ந்து வந்தா கேட்டுடுங்க.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வரேன். அவன் கையில கத்தியெல்லாம் வேணாம், "உங்க வீட்டுல சொல்லிடுவேன்" ஒண்ணு போதும். அந்த பொண்ணு ரெண்டு மாசம் கடிகாரத்தை போட்டோ எடுத்ததுக்கு காரணம் இதுதான். ஏன் வேலை செய்யுதுன்னா புள்ளைக்கு அவனை விட நம்மள பாத்துதான் பயம். வீட்டுல தெரிஞ்சா என்ன நடக்கும்? போனை புடுங்குவாங்க, ஸ்கூலை நிறுத்துவாங்க, மாமன் மகனுக்கு பேசி முடிச்சுடுவாங்க. பதினெட்டு முடியாத பொண்ணுக்கு கட்டி வைக்கறது குழந்தை திருமண தடுப்பு சட்டப்படி குத்தம்னு தெரிஞ்சும் நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அது இன்னும் நடக்குது. அதுக்கு மேல சாதி. 2012 நவம்பர்ல ஒரு கலப்பு கல்யாணத்தை சாக்கா வச்சு தலித் மக்கள் இருந்த நத்தம் காலனி வீடுங்களை கொளுத்துன ஊரு இது, அப்போ கைக்குழந்தையா இருந்த புள்ளைங்ககூட அந்த கதைய கேட்டுத்தான் வளர்ந்திருக்கு. காதல்னு வாயைத் தொறந்தாலே என்ன ஆகும்னு அதுங்களுக்கு தெரியும். பாதி வீட்டுல அப்பா அம்மா பெங்களூர்ல கட்டட வேலைக்கு போயிருக்காங்க, புள்ள பாட்டியோட இருக்கு, யார்கிட்ட போய் சொல்லும்?

அதனால புள்ளைங்க எட்டாவது படிக்கும்போதே ஒரு தடவை வாயை விட்டு சொல்லி வைங்க: "யாராச்சும் வீட்டுல சொல்லிடுவேன்னு மிரட்டுனா நீயே வந்து முதல்ல சொல்லிடு, அடிக்க மாட்டேன், படிப்பை நிறுத்த மாட்டேன்." சொன்னா போதாது, அந்த நாள் வந்தா காப்பாத்தணும், அதான் கஷ்டம்.

புள்ள வந்து சொல்லுதுன்னு வைங்க. முதல் ராத்திரி எதுவும் பண்ணாதீங்க. அவன் வீட்டுக்கு ஆள் கூட்டிட்டு போகாதீங்க, எப்போலருந்துடி நடக்குதுன்னு குறுக்கு விசாரணை வேணாம். சாப்பாடு போட்டு, "நல்ல வேளை சொன்ன, இனி நான் பாத்துக்கறேன்"னு சொல்லி பக்கத்துல படுத்துக்கங்க. புள்ள அவனுக்காக பரிஞ்சு பேசும், அது சகஜம்தான், திட்டாதீங்க.

காலையில போன் வேலை. எடுத்த உடனே பிளாக் பண்ணிடாதீங்க, டெலீட்டும் பண்ணாதீங்க. மெசேஜ், நம்பர், தேதி, மணி எல்லாம் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. ஒரு தடவைதான் பாக்க முடியும்ங்கற மாதிரி வந்தா இன்னொரு போன்ல இருந்து படம் புடிச்சுக்கங்க. அந்தரங்க போட்டோ ஏதாச்சும் இருந்தா மட்டும் அதை காப்பி எடுக்கவோ, "ஆதாரம் பாருங்க"ன்னு சித்தப்பாவுக்கும் வக்கீலுக்கும் ஃபார்வர்டு பண்ணவோ கூடாது, பதினெட்டுக்கு கீழ இருக்கற புள்ளையோட அப்படிப்பட்ட படத்தை யார் அனுப்புனாலும் ஐடி சட்டத்துல (தகவல் தொழில்நுட்ப சட்டம்) 67பி பிரிவு பாயும், அது இருக்கற போன்லயே இருக்கட்டும். அப்புறம் வாட்ஸப்ல லிங்க்டு டிவைசஸ் பாருங்க, தெரியாதது இருந்தா லாக் அவுட். ஜிமெயில், இன்ஸ்டா பாஸ்வேர்டு மாத்துங்க, கூகுள் மேப்ல லொகேஷன் ஷேரிங் யாருக்கு போகுதுன்னு பாத்து நிறுத்துங்க. இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் பிளாக்.

பிளாக் ஆனதும் அவனுக்கு வெறி ஏறும். விட்டுட்டு போற நேரம்தான் ரொம்ப ஆபத்து. "கடைசியா ஒரே ஒரு தடவை பேசணும், டேம் பக்கம் வா"ன்னு கெஞ்சுவான், போகவே கூடாது. குடுத்த பொருளை திருப்பி குடுக்கணும்னா பெரியவங்க வழியா குடுங்க. கொஞ்ச நாளைக்கு ஸ்கூலுக்கும் டியூஷனுக்கும் கூட யாராச்சும் போங்க.

போட்டோவை போட்டுடுவேன்னு மிரட்டுனா பணமும் குடுக்காதீங்க, இன்னொரு போட்டோவும் அனுப்பாதீங்க, குடுக்க குடுக்க இன்னும் கேப்பான். பதினெட்டுக்கு கீழன்னா டேக் இட் டவுன்னு ஒரு இலவச வசதி இருக்கு, படம் போனை விட்டு வெளிய போகாது, அதோட அடையாள எண் மட்டும்தான் போகும், அதை வச்சு இன்ஸ்டா, ஃபேஸ்புக் மாதிரி இடத்துல தடுப்பாங்க. வாட்ஸப்ல தனியா அனுப்புறதை அது புடிக்காது, அதுக்கு சைபர் கிரைம் போர்ட்டல்ல புகார் குடுக்கணும், பேர் சொல்லாமயும் குடுக்கலாம்.

யாருக்கு போன் பண்றது? பதினெட்டுக்கு கீழன்னா 1098, ராத்திரி பகல் எப்பவும் எடுப்பாங்க, புள்ளையே பண்ணலாம். பெண்களுக்கு 181. இப்பவே ஆபத்துன்னா 112. மனசு உடைஞ்சு சாகணும்னு பேசுச்சுன்னா டெலிமானஸ் 14416, தமிழ்லயே பேசலாம், தனியா மட்டும் விடாதீங்க.

போலீஸ்னா ஸ்டேஷன் வாசல்ல புள்ளைய உக்கார வைப்பாங்கன்னுதான் பயப்படறாங்க. புள்ளைங்களை பாலியல் குத்தத்துல இருந்து காப்பாத்தற 2012 போக்சோ சட்டப்படி வாக்குமூலத்தை வீட்டுலயே வாங்கலாம், முடிஞ்ச வரைக்கும் பெண் எஸ்ஐ வரணும், யூனிஃபார்ம் போட்டிருக்க கூடாது, புள்ள பேரை பத்திரிகையில போடக்கூடாது. ஒண்ணு மட்டும் தெரிஞ்சுக்கங்க, பதினெட்டுக்கு கீழ "விருப்பப்பட்டுத்தான்"ங்கறதை சட்டம் ஏத்துக்காது, பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சவங்க டீச்சரோ டாக்டரோ யாரா இருந்தாலும் சொல்லியே ஆகணும். பையனை பெத்தவங்களும் இதை படிங்க, அவன் பொண்ணு போனை செக் பண்றதை பாத்து "என் பையன் ரொம்ப பாசக்காரன்"னு சிரிச்சீங்கன்னா நாளைக்கு கோர்ட்டு வாசல்ல நிக்கறது நீங்கதான்.

அந்த பொண்ணு விஷயத்துல அவங்கம்மா புது சிம் வாங்கி குடுத்தாங்க. பழைய சிம்மை உடைச்சு போடறேன்னாங்க, வேணாங்க்கா, பேங்க் ஓடிபி ஆதார் ஓடிபி எல்லாம் அதுலதான் வரும், அவன் என்ன அனுப்பறான்னும் தெரியணும்னு சொன்னேன். தன்னோட பட்டன் போன்ல போட்டு இடுப்புல சொருகிக்கிட்டாங்க. மூணாவது நாள் தக்காளி பறிக்கும்போது கால் வந்துச்சாம், எடுத்து "சொல்லுப்பா, என்ன வீட்டுல சொல்லணுமோ என்கிட்டயே சொல்லு"ன்னாங்களாம். கட் பண்ணிட்டான்.