டெல்டாவிலிருந்து ஒரு வலைப்பூ: தொடங்கவும் தொடரவும்

வலைப்பூ திறக்கப் பத்து நிமிடம் போதும். அதை அடுத்த ஆடிப்பெருக்கு வரை உயிரோடு வைத்திருப்பதுதான் வேலை. பாதியில் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்: எதை எழுதுவது என்று எல்லை போடாதது, நடவும் அறுவடையும் நெருக்கும் மாதங்களுக்கு முன்கூட்டியே எழுதிய பதிவுகளைக் கையிருப்பு வைக்காதது. கீழே உள்ள முறை இந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. கணினி தேவையில்லை, ஒரு கைபேசி, ஒரு நோட்டு, அளக்க ஒரு டேப் போதும்.

1. எல்லை போடுங்கள்

"தஞ்சைத் தரணியின் வரலாறு" என்று தொடங்காதீர்கள். கல்லணையைப் பற்றியும் பெரிய கோவிலைப் பற்றியும் ஏற்கெனவே ஏராளமாக எழுதியாகிவிட்டது. உங்கள் ஊர் வாய்க்காலின் தலைமதகுக்கு எத்தனை கண் (தண்ணீர் பாயும் வாசல்), முறை வைக்கும் காலத்தில் யார் யாருக்கு எந்த நாள், கடைமடைக்கு, அதாவது வாய்க்காலின் கடைசி வயல்களுக்கு, தண்ணீர் எட்ட எத்தனை நாள் ஆகிறது? இவற்றை உங்களைத் தவிர யாரும் எழுதப் போவதில்லை. ஒரு வாய்க்காலும் அது பாயும் மூன்று ஊரும் என்ற அளவு சரியாக இருக்கும். விவசாயம் வேண்டாம் என்றால் நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, திருபுவனம் பட்டு, ஒரு தெருவின் சமையல் என எதுவும் ஆகலாம்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி: ஒரே மூச்சில் உட்கார்ந்து 25 தலைப்புகள் எழுதுங்கள். பன்னிரண்டுக்கு மேல் ஓடவில்லையென்றால் எல்லை குறுகிவிட்டது. ஐம்பது வருகிறது, ஆனால் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லையென்றால் அகன்றுவிட்டது.

2. நோட்டில் அளவோடு குறியுங்கள்

பதிவின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது. ஒவ்வொரு குறிப்பிலும் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: தேதி, இடம், சொன்னவர் யார் (பெயர் வேண்டாம், "40 ஆண்டு நாற்றுப் பறித்தவர்" என்பது போதும்), அளவு. "நேற்று", "போன வருஷம்" என்று எழுதவே எழுதாதீர்கள். மூன்று ஆண்டு கழித்துத் தேடி வருகிறவருக்கு அது எந்த வருஷம் என்று தெரியாது. "கஜா புயலுக்கு அப்புறம்" என்பதைக்கூட "2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பின்" என்று எழுதுங்கள்.

அளவுகளில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். நம் பக்கம் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். அதாவது ஒரு மா 33 சென்ட். கோயம்புத்தூரில் இருந்து படிப்பவருக்கு மா புரியாது, குழி என்றால் அவர் ஊரில் வேறு அளவாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு பதிவிலும் முதல் முறை வரும்போது சென்டையும் சேர்த்து எழுதுங்கள். மூட்டையும் அப்படித்தான்: வீட்டில் மூட்டை என்றால் 60 கிலோ, கொள்முதல் நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. "மாவுக்கு 12 மூட்டை கண்டது" என்று மட்டும் எழுதினால் விளைச்சல் 720 கிலோவா 480 கிலோவா என்று யாருக்கும் விளங்காது.

ஊர்க்கணக்கை நூல்கணக்கோடு ஒட்டிப் பார்ப்பதும் நல்ல பதிவாகும். குறுகிய கால நெல் ரகத்தை நடவு செய்ய ஹெக்டேருக்கு 60 கிலோ விதை என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. கணக்குப் போட்டால் மாவுக்குச் சுமார் 8 கிலோ. உங்கள் தெருவில் எவ்வளவு விடுகிறார்கள், கூடுதலாக விடுகிறவர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று நாலு பேரிடம் கேட்டாலே ஒரு பதிவு தயார்.

3. தட்டச்சு

தமிழ்99 விசைப்பலகையைப் பழகுங்கள். இரண்டு வாரம் தடுமாறும், அதன்பின் வேகம் பிடிக்கும். குரல்வழித் தட்டச்சு முதல் வரைவுக்கு உதவும். ஆனால் ல, ழ, ள குழப்பத்தையும் ஊர்ப்பெயர்களையும் உட்கார்ந்து திருத்தியாக வேண்டும்.

அச்சகத்தில் பழைய கோப்பு ஏதாவது வாங்கினால் ஒரு எச்சரிக்கை. அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், ஒட்டிய உடனே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறும். எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். மாற்றியபின் 'ஸ்ரீ', 'ஔ' வரும் இடங்களையும் எண்களையும் ஒருமுறை சரிபாருங்கள்.

4. முகவரி

ஜிமெயில் இருந்தால் பிளாக்கரில் இலவசமாகத் திறக்கலாம், வேர்ட்பிரஸ்ஸும் நல்லதுதான். புதியவருக்குப் பிளாக்கரே எளிது. முகவரியில் ஊர்ப்பெயர் இருக்கட்டும், எண்கள் வேண்டாம்.

பலரும் கவனிக்காத இடம், ஒவ்வொரு பதிவின் தனி இணைப்பு. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாக்கர் 'பிளாக் போஸ்ட்' என்ற பொதுப்பெயரோடு ஓர் எண்ணை ஒட்டிவிடும். வேர்ட்பிரஸ்ஸில் தமிழ் நிற்கும், ஆனால் வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது பெரும்பாலும் ஒவ்வொரு குறியீடும் (எழுத்து, மேல்புள்ளி, துணைக்குறி எல்லாம் தனித்தனிக் குறியீடு) ஒன்பது எழுத்தாக விரியும். 'கல்லணை' என்ற சிறிய சொல்லே 54 எழுத்துச் சரமாகிவிடும்; அதைப் பார்த்து மோசடி இணைப்பு என்று தொடாமல் விடுகிறவர்கள் உண்டு. வெளியிடும் முன்பே இணைப்பை ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு சொல்லாக நீங்களே அமையுங்கள். பிளாக்கரில் வெளியிட்டபின் மாற்றினால் ஏற்கெனவே பகிர்ந்த இணைப்பு செத்துவிடும்.

5. ஐந்து பதிவு எழுதியபின் வெளியிடத் தொடங்குங்கள்

மாதம் இரண்டு பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 24, முதல் நாளில் போட்ட 25 தலைப்பு ஓர் ஆண்டுக்குச் சரியாகிவிடும். வாரம் இரண்டு என்று ஆரம்பித்தவர்கள் மூன்றாம் மாதம் மூச்சு வாங்குகிறார்கள்.

எழுதும் காலத்தை ஆற்றின் காலத்தோடு பொருத்துங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. திறப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் உண்மையில் திறந்த தேதியையும், உங்கள் வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்த தேதியையும் ஒவ்வொரு ஆண்டும் குறியுங்கள். ஐந்து ஆண்டு சேர்ந்தால் அது பொக்கிஷம்.

பிப்ரவரி முதல் மே வரை வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போதுதான் மதகின் அடித்தளம், படித்துறையின் கடைசிப் படி, பழைய செங்கல் கட்டு எல்லாம் வெளியே தெரியும். டேப் பிடித்து அளக்கவும் படமெடுக்கவும் அதுவே காலம். தண்ணீர் வந்துவிட்டால் அடுத்த கோடைதான். தூர்வாரும் இயந்திரம் இறங்குவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம், ஒரே இடத்தில் நின்று எடுங்கள். மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரிடம் பேசவும் கோடைதான் தோது, ஷட்டர் வேலை தொடங்கிவிட்டால் அவருக்கு நிற்க நேரமிருக்காது.

அந்த நான்கு மாதத்தில் எட்டுப் பதிவு எழுதி, நாள் குறித்துத் தானாக வெளியாகும்படி வையுங்கள். குறுவை அறுவடையும் சம்பா, தாளடி நடவும் ஒன்றன்மேல் ஒன்று விழும் செப்டம்பர், அக்டோபரில் அவை கைகொடுக்கும். அதையடுத்து மழைக்காலம், மின்சாரமும் சிக்னலும் போகும் நாட்களில் நோட்டில் எழுதுங்கள்.

6. படம்

கைபேசிப் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி வரை வரும். அப்படியே ஐந்து ஏற்றினால் சிக்னல் குறைந்த ஊரில் பக்கம் திறக்காது. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்தால் பெரும்பாலும் 300 கேபிக்குள் அடங்கும். நண்பரிடம் படம் வாங்கும்போது வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் தரம் போய்விடும். வீடு தெரியும் படங்களில் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். படித்துறையில் குளிப்பவர்கள், கருவறை, இவற்றை எடுக்கவே வேண்டாம். பத்திரிகைப் படத்தை எடுத்துப் போடுவது பதிப்புரிமை மீறல்.

7. வெளியிட்டபின்

ஒருவர் சொன்ன கடன், நிலத் தகராறு, நோய் பற்றி எழுதுவதானால் அவருக்குப் படித்துக்காட்டிச் சம்மதம் வாங்குங்கள். பெயர் போடாவிட்டாலும் சிறிய ஊரில் ஆள் தெரிந்துவிடும்.

பின்னூட்டத்தில் யாராவது பிழை சுட்டினால் சத்தமில்லாமல் மாற்றாமல், பதிவின் அடியில் "திருத்தம்" என்று தேதியோடு போடுங்கள். மதகின் கண் மூன்றா நான்கா என்று தகராறு வந்தால் நேரில் போய் எண்ணிவிடுவதே நல்லது.

8. காப்பு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை வலைப்பூவின் காப்புக் கோப்பை இறக்குங்கள். பிளாக்கர் கோப்பில் எழுத்துதான் இருக்கும். படங்களுக்கு இணைப்பு மட்டுமே. ஆகவே மூலப் படங்களைத் தேதி வாரியாகத் தனி பென்டிரைவில் வையுங்கள். நிர்வாகியாக இரண்டாவது ஒரு ஜிமெயிலையும் சேர்த்துவிடுங்கள், மகள் அல்லது தம்பியுடையது. கைபேசி எண் மாறி, கடவுச்சொல்லும் மறந்துபோனால் உள்ளே போக அந்த ஒரு வாசல்தான் மிஞ்சும்.