சர்வர் ஃபேன் வேகத்தைக் கண்காணிக்கும் மென்பொருள்: நார்த்தூசும் மின்தடையும் உள்ள ஊர்களுக்கு

கோபாலபுரம், மீனாட்சிபுரம் எல்லையின் இருபுறமும் தென்னை நார் மில்களும் கொப்பரைக் களங்களும் நிறைந்த பகுதியில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு தொல்லைகள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தூக்கிவரும் நார்த்தூசு ஒன்று. துலாம் மாத இடிமழையோடு வரும் மின்தடை இன்னொன்று. தூசு காற்று போகும் வழியை அடைக்கும். மின்தடை, தேய்ந்துபோன ஃபேனை நிறுத்தி மறுபடி கிளம்பவிடாமல் செய்யும்.

வழக்கமான கண்காணிப்பு மென்பொருள்கள் ஃபேன் நின்றால் கூவுவதற்காக எழுதப்பட்டவை. தூசு அடைத்தால் ஃபேன் நிற்பதில்லை, வேகம்தான் கூடுகிறது. அதனால் வேகத்தை மட்டும் தனியாகப் படித்துப் பயனில்லை. ஃபேனிடம் கேட்ட வேகம், அது கொடுத்த வேகம், சர்வருக்குள் நுழையும் காற்றின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மென்பொருளை எழுதும் வழி இது.

எண் எப்படிப் பிறக்கிறது

நான்கு கம்பி ஃபேனில் கறுப்பு தரைக்கம்பி, மஞ்சள் 12 வோல்ட், பச்சை டேக்கோ (சுழலும் வேகத்தைச் சொல்லும் கம்பி), நீலம் பிடபிள்யூஎம் (வேகக் கட்டளை போகும் கம்பி) என்பது இன்டெல் வகுத்த வழக்கம். சர்வர் ஃபேன்களில் நிறம் மாறியிருக்கும், ஆகவே தரவுத்தாளைப் பார்த்துவிட்டே கம்பியில் கை வையுங்கள். டேக்கோ கம்பி ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு தரும். நொடிக்கு 400 துடிப்பு வந்தால் நொடிக்கு 200 சுற்று, அதாவது 12,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று). துடிப்பு எண்ணிக்கையை 30 ஆல் பெருக்கினால் கணக்கு முடிந்தது. ஒரு சுற்றுக்கு ஒரு துடிப்போ நான்கு துடிப்போ தரும் ஃபேன்களும் உண்டு. மாற்று ஃபேன் போட்டதும் வேகம் சரியாகப் பாதியாகவோ இரட்டிப்பாகவோ தெரிந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

நீலக் கம்பியில் 25 கிலோஹெர்ட்ஸ் கட்டளை போகிறது. அந்தக் கம்பி கழன்றால் ஃபேன் முழு வேகத்துக்குப் போய்விடும், அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மற்றவை நிதானமாக ஓடும்போது ஒன்று மட்டும் உச்சத்தில் கத்தினால் கோளாறு கனெக்டரில் இருக்கும்.

எண்ணில் எவ்வளவு நுணுக்கம் இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டே விதி எழுத வேண்டும். பழைய மதர்போர்டு சிப்புகள் 8 பிட் எண்ணியால் இரண்டு துடிப்புக்கு இடைப்பட்ட நேரத்தை அளக்கின்றன. ஆர்பிஎம் என்பது 13,50,000 ஐ (எண்ணிக்கை × வகுப்பான்) ஆல் வகுத்த எண். வகுப்பான் 2 என்றால் சுமார் 2,650க்குக் கீழே எண்ணி நிரம்பி வழிந்து, ஓடும் ஃபேனும் பூஜ்யம் காட்டும். அதே அமைப்பில் 20,000 ஆர்பிஎம்மில் எண்ணிக்கை 33, 34 தான் வரும். ஒரு படி மாறினால் வேகம் 600 குதிக்கும். லினக்ஸில் வகுப்பானை மாற்றலாம். பிஎம்சி (சர்வர் போர்டில் தனியாக ஓடும் கண்காணிப்புச் சிப்) வழியாக வரும் ஐபிஎம்ஐ (அதனோடு பேசும் நெறிமுறை) அளவீடும் 8 பிட்தான், மொத்தமே 256 படிகள். 100, 100 ஆக நகரும் சென்சாரில் 50 ஆர்பிஎம் சரிவைத் தேடுவது வீண் வேலை.

எங்கிருந்து படிப்பது

சர்வர் என்றால் முதலில் பிஎம்சியிடம் கேளுங்கள். இயங்குதளம் உறைந்துபோனாலும் அது பதில் சொல்லும். ஐபிஎம்ஐ யுடிபி 623 போர்ட்டில் பேசும். ஐபிஎம்ஐடூல் கட்டளையில் ஃபேன் வகை சென்சார்களை மட்டும் கேட்கலாம். சென்சார் பட்டியலை ஒருமுறை கோப்பில் சேமித்து ஒவ்வொரு தடவையும் அதைக் காட்டினால் பதில் வேகமாக வரும். 2015க்குப் பிந்தைய சர்வர்களில் பெரும்பாலும் ரெட்ஃபிஷ் (ஐபிஎம்ஐக்கு அடுத்து வந்த, வலைவழிப் பேசும் முறை) இருக்கும். அதில் சேசிஸ் பகுதியின் கீழ் தெர்மல் என்ற பக்கத்தில் ஃபேன் பட்டியல் கிடைக்கும். புதிய பதிப்புகளில் அது தெர்மல் சப்சிஸ்டம் என்ற இடத்துக்கு மாறியிருக்கிறது, இரண்டையும் தேடும்படி எழுதுங்கள். ஒவ்வோர் அளவீட்டோடும் அலகையும் படிக்க வேண்டும். எச்பிஇ சர்வர்களின் பிஎம்சியான ஐஎல்ஓ ஆர்பிஎம் தராமல் சதவீதம் தரும். 40 என்று வருவதை 40 ஆர்பிஎம் என்று எடுத்துக்கொண்டால் நள்ளிரவில் எல்லோரையும் எழுப்பிவிடுவீர்கள்.

பிஎம்சி இல்லாத மதர்போர்டு என்றால், சென்சார் அளவீடுகளைக் கோப்புகளாகக் காட்டும் லினக்ஸின் எச்டபிள்யூமான் அடைவு. அங்கே வேகம் ஆர்பிஎம்மிலும், வெப்பநிலை ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரியிலும், பிடபிள்யூஎம் 0 முதல் 255 வரையிலும் எழுதப்பட்டிருக்கும். அடைவின் வரிசை எண் ரீபூட்டுக்குப் பிறகு மாறக்கூடும். எண்ணை நம்பாமல் உள்ளே உள்ள பெயர்க் கோப்பைப் படித்துச் சிப்பை அடையாளம் காணுங்கள்.

பிஎம்சிகளை இணையத்தில் திறந்துவைக்கவே கூடாது. தனி விலேன் (பிரித்துவைத்த உள்நெட்வொர்க்), படிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கு, இந்த இரண்டும் இல்லாமல் வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

சேகரிப்பான்

30 நொடிக்கு ஒருமுறை போதும். பிஎம்சி சின்ன புராசசர். 2 நொடிக்கு ஒருமுறை தட்டினால் திணறி, பதிலே தராமல் போகும். எட்டு ஃபேன் உள்ள சர்வருக்கு இந்தக் கணக்கில் நாளுக்கு 23,040 வரி சேரும், எஸ்க்யூலைட் தரவுத்தளம் தாராளமாகத் தாங்கும். ஒரு மாதத்துக்கு முழுத் தரவை வைத்துக்கொண்டு, பழையதை மணிக்கு ஒரு இடைநிலை மதிப்பு, ஒரு குறைந்தபட்சம் என்று சுருக்கிவிடலாம்.

பூஜ்யம், பதில் இல்லை, சென்சாரே காணவில்லை என்ற மூன்றும் வெவ்வேறு நிலைகள். தரவுத்தளத்தில் மூன்றையும் தனித்தனியாகப் பதியுங்கள். பதில் இல்லாததைப் பூஜ்யமாக எழுதும் நிரல்தான் பொய் எச்சரிக்கைகளுக்குப் பெரும்பாலும் காரணம். சர்வர் அணைந்து பிஎம்சி மட்டும் விழித்திருக்கும் நேரத்தில் ஃபேன் அளவீடு வராது என்பதால் மின்நிலையை முதலில் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு 30 நொடிக்கும்:
1. மின்நிலையைக் கேள், அணைந்திருந்தால் இந்தச் சுற்றை விடு.
2. ஃபேன் வேகங்கள், நுழைகாற்று வெப்பநிலை, சிபியு மின்நுகர்வு ஆகியவற்றை ஒரே நேரமுத்திரையில் எழுது.
3. இருக்க வேண்டிய ஃபேன் பட்டியலோடு ஒப்பிடு. காணாததைத் தனியாகக் குறி.
4. கட்டளை கடந்த 15 நொடிக்குள் மாறியிருந்தால் வேக விதியைத் தாண்டு.
5. மற்ற விதிகளை ஓட்டு.

எதிர்பார்க்கும் வேகம்

இந்த வேலையின் கடினமான பகுதி இதுதான். எச்டபிள்யூமானில் கட்டளை மதிப்பு கையிலேயே இருக்கும். ஆளில்லாத நேரத்தில் சோதனை இயந்திரத்தில் 30, 50, 70, 100 சதவீதம் வைத்து, ஒவ்வொன்றிலும் 20 நொடி காத்திருந்து வேகத்தைக் குறித்தால் வளைவு தயார். கைமுறைக்கு மாற்றும் முன் பழைய அமைப்பு மதிப்பைச் சேமித்து, நிரல் எப்படி முடிந்தாலும், பிழையில் விழுந்தாலும்கூட, அது திரும்ப எழுதப்படும்படி செய்யுங்கள். 30 சதவீதத்தில் நிரல் செத்தால் ஃபேனும் அந்த வேகத்திலேயே சிக்கிக்கொள்ளும், சிபியு வெந்துவிடும். வேலையில் இருக்கும் சர்வரில் இந்தச் சோதனையே வேண்டாம்.

பிஎம்சி பெரும்பாலும் கட்டளை மதிப்பை வெளியே சொல்லாது. அதற்கு மாற்றுவழி, ஒரே வரிசையில் உள்ள மற்ற ஃபேன்களின் இடைநிலை வேகம். ஒரே மண்டலத்துக்கு ஒரே கட்டளைதான் போகிறது என்பதால் ஒன்று மட்டும் பின்தங்கினால் அதில்தான் கோளாறு. இதில் ஒரு எச்சரிக்கை: ஒரு யூ (ரேக்கில் ஒரு தட்டு உயரமுள்ள) சர்வர்களின் 40 மில்லிமீட்டர் ஃபேன்கள் பலவற்றில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு ரோட்டர்கள் உண்டு, இரண்டின் வேகமும் வேறு. முன் ரோட்டரை முன் ரோட்டரோடும் பின்னதைப் பின்னதோடும் ஒப்பிடுங்கள். முதல் இரண்டு வாரம் எச்சரிக்கை எதுவும் அனுப்பாமல் ஒவ்வொரு ஃபேனும் இடைநிலையிலிருந்து இயல்பாக எவ்வளவு விலகுகிறது என்பதைக் கற்றுக்கொண்டு, அந்த விகிதத்தை அதன் பெயரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க மதிப்புகள்: எதிர்பார்த்ததில் 85 சதவீதத்துக்குக் கீழ் தொடர்ந்து மூன்று அளவீடு என்றால் கவனிக்கச் சொல்லுங்கள். 70க்குக் கீழ் இரண்டு அளவீடு என்றால் அவசரம். ஓடிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம்.

பூஜ்யத்தை மட்டும் எதிர்பார்த்தால் தப்பிவிடும் கோளாறுகள்

மோட்டார் செத்த ரோட்டர் பக்கத்து ஃபேன்களின் காற்றில் சும்மா சுழலும். டேக்கோ மின்சுற்று உயிரோடு இருந்தால் சில நூறோ ஆயிரமோ ஆர்பிஎம் காட்டும். வேகம் பூஜ்யமா என்று மட்டும் பார்க்கும் விதி இதை ஆரோக்கியம் என்று சொல்லிவிடும். விகித விதி பிடித்துவிடும்.

பேரிங் இறுகிய ஃபேன் சில நொடிக்கு ஒருமுறை தானாகக் கிளம்ப முயன்று தோற்கும். அளவீடு பூஜ்யத்துக்கும் சிறிய எண்ணுக்கும் இடையே துள்ளும். பத்து நிமிடத்தில் மூன்று முறைக்கு மேல் பூஜ்யத்திலிருந்து எழுந்து விழுந்தால் அதை ஃபேன் கோளாறாகவே எடுங்கள்.

எல்லா ஃபேனும் சில நொடிக்கு ஒருமுறை ஒன்றாகச் சீறி அடங்கினால், யாரோ குறைந்த வேக ஃபேனை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். அதன் இயல்பு வேகமே பிஎம்சியின் கீழ் எல்லைக்கு அடியில் இருப்பதால் பிஎம்சி பதறி எல்லாவற்றையும் முடுக்குகிறது. ஐபிஎம்ஐடூலில் அந்த சென்சாரின் மூன்று கீழ் எல்லைகளையும் இறக்கிவிடலாம். ஆனால் அந்த ஃபேன் சர்வருக்குத் தேவையான காற்றழுத்தத்தைத் தருமா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும்.

தூசு, அறை, ஃபேன்: எது குற்றவாளி

ஒரு ஃபேன் மட்டும் விலகினால் ஃபேன். நுழைகாற்று வெப்பநிலையும் எல்லா ஃபேன்களின் வேகமும் சேர்ந்து ஏறினால் ஏசி நின்றிருக்கிறது. யுபிஎஸ் சர்வரைக் காப்பாற்றும், ஏசியைக் காப்பாற்றாது. நுழைகாற்று அப்படியே இருக்க, அதே வேலைச்சுமையில் வாரத்துக்கு வாரம் வேகம் ஏறினால் தூசு.

தூசு விதிக்கு அளவீடுகளைக் கூறுபோட வேண்டும். நுழைகாற்று 24 முதல் 26 டிகிரிக்குள்ளும் சிபியு மின்நுகர்வு ஒரே வரம்புக்குள்ளும் இருந்த அளவீடுகளை மட்டும் எடுத்து வார இடைநிலையைக் கணக்கிடுங்கள். கடைசியாகச் சுத்தம் செய்த வாரத்தைவிட 15 சதவீதம் கூடினால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஃபேனின் மின்நுகர்வு வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். 15 சதவீத வேகம் கூடினால் மின்சாரம் ஒன்றரை மடங்கு. பாலக்காட்டுப் பக்கம் மாசி, பங்குனி வெயிலில் அறை வெப்பம் ஏறும்போது இந்தக் கூறு காலியாகவே இருக்கும். அந்த மாதங்களுக்கு 28 முதல் 30 டிகிரி வரை இன்னொரு கூறு வைத்துக்கொள்ளுங்கள்.

நார்த்தூள் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சும், பொட்டாசியம், சோடியம் உப்புகளும் அதில் உண்டு. இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஈரத்தில் அது போர்டில் படிந்தால் மின்கசிவுக்கு வழி. ஆகவே தூசு எச்சரிக்கையை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்காதீர்கள். சர்வரை அணைத்து, அறைக்கு வெளியே கொண்டுபோய் ஊதுங்கள். ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றில் அதிவேகமாகச் சுழன்றால் பேரிங் கெடும்.

கரண்ட் வந்ததும்

தேய்ந்த ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும். நின்று குளிர்ந்தபின் கிளம்பாது. பிஎம்சி மீண்டும் கண்ணில் பட்ட முதல் இரண்டு நிமிடத்துக்கு மட்டும் 5 நொடிக்கு ஒருமுறை படியுங்கள். பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபேனும் சுழல்கிறதா என்பதே முதல் கேள்வி. பல சர்வர்கள் கிளம்பும்போது ஃபேன்களை உச்சத்துக்கு ஓட்டும், செலவில்லாத சோதனை அது. அந்த உச்சத்தைப் பதிந்துவைத்து, முந்தையதைவிட 10 சதவீதம் குறைந்தால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பிஎம்சி எழவே நேரமெடுப்பதால் சில தடவை உச்சம் கைக்குச் சிக்காது. சிக்காததை விட்டுவிடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

கண்காணிக்கும் இயந்திரம் வேறு யுபிஎஸ்ஸில் இருக்கட்டும், ஒரு ராஸ்பெரி பை போதும். கரண்டோடு இணையமும் போகும் என்பதால் எச்சரிக்கை ஜிஎஸ்எம் மோடம் வழியே எஸ்எம்எஸ்ஸாகப் போக வேண்டும். எல்லையோரத்தில் மோடம் இரு மாநில நெட்வொர்க்குகளுக்கும் மாறி மாறித் தாவும். சிக்னல் நிலையாக உள்ள ஒன்றைத் தேர்ந்து பூட்டிவையுங்கள். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 70 குறிகள்தான். உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். “ரேக் 2, சர்வர் 4, ஃபேன் 3 பின்: 5200 / 9000. மாற்றவும்” என்பது 54ல் அடங்கிவிடும்.

சோதித்துப் பார்ப்பது

ஓடும் ஃபேனில் எதையும் நுழைக்காதீர்கள். எச்டபிள்யூமான் போலவே ஒரு போலி அடைவு உருவாக்கி, கோப்பில் எண்ணை மாற்றி ஒவ்வொரு விதியையும் எழுப்பிப் பாருங்கள். ரெட்ஃபிஷுக்கு, அதை வகுத்த டிஎம்டிஎஃப் அமைப்பு தரும் மாக்கப் (போலி) சர்வர் இருக்கிறது. சோதனை சர்வர் ஒன்றின் முகப்பில் பாதியை அட்டையால் மூடிப் பத்து நிமிடம் கவனித்தால், நுழைகாற்று வெப்பநிலை ஏறாமல் வேகம் மட்டும் ஏறும் தூசு நிலை அப்படியே தெரியும்.

ஃபேன் மாற்றினாலோ சுத்தம் செய்தாலோ அந்த சர்வரின் அடிப்படை மதிப்பைப் புதுப்பிக்க ஒரு பொத்தானும், யார், எப்போது, எந்தப் பாக எண் என்று எழுத ஒரு கட்டமும் வையுங்கள். அந்தப் பதிவை வைத்து, எந்த மாடலில் எந்த ஃபேன் அதிகம் போகிறதோ அதில் இரண்டை ஆனி பிறக்கும் முன் வாங்கி வைத்துவிடலாம்.