சிலோன் காசு சேக்கணும்னு ஆசையா? சில்லறையில இருந்து ஆரம்பிங்க

வீட்டுல பழைய நயா பைசா எங்கயாச்சும் கெடக்கும், தாத்தா பெட்டியிலயோ பூஜை ரூம் டப்பாவுலயோ, மொதல்ல அதைத் தேடி எடுத்து டேபிள்ல வைங்க. ரெண்டு பைசா ஓரம் பூ இதழ் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்கும், அஞ்சு பைசா சதுரம், பத்து பைசா மறுபடியும் பூ. நமக்குப் பைசா மாதிரி அங்க சதம், இப்ப சிலோன் ரெண்டு சதம், அஞ்சு சதம், பத்து சதம் மூணையும் பக்கத்துல வைங்க. அதே பூ, அதே சதுரம், அதே பூ! நான் மொத தடவை இப்படி வெச்சுப் பாத்தப்ப யாரோ வேணும்னே ஜோடி சேத்து அடிச்ச மாதிரி இருந்துச்சு. ரெண்டு ஊரையும் ஆண்டவன் வெள்ளைக்காரன், தடவிப் பாத்தே எந்தக் காசுன்னு தெரியணும்னு இந்த வடிவமெல்லாம் அவன் காலத்துலயே வந்துடுச்சு, அப்புறம் வந்த நயா பைசாவும் அதையே எடுத்துக்கிச்சு, அவ்ளோதான் விஷயம். ஆனா அன்னைல இருந்து நான் வேற நாட்டுக் காசு பக்கமே போகல.

இன்னொரு காரணம் இருக்கு, உண்மையைச் சொன்னா அதுதான் பெரிய காரணம். நம்ம பாக்கெட்ல இருக்குற நாணயத்துல இந்தியும் இங்கிலீஷும் மட்டும்தான். இலங்கை நாணயத்தைத் திருப்பிப் பாருங்க, சிங்களம், தமிழ், இங்கிலீஷ்னு மூணும் இருக்கும், "இலங்கை"ன்னு நம்ம எழுத்துல அச்சாகி இருக்கும். எழுதப் படிக்கத் தெரிஞ்ச யாரும் லென்ஸ் இல்லாம வாசிச்சிடலாம். தாய்லாந்து காசோ நேபாளக் காசோ வாங்குனா வருஷம் கண்டுபிடிக்கவே ஒரு சார்ட் வேணும், இதுல அந்தத் தொல்லையே இல்ல, சின்னப் பசங்க கையில குடுத்தாக்கூட படிச்சுக் காட்டுவாங்க.

சரி எங்க கிடைக்கும்? காசு குடுத்து வாங்குறதுக்கு முன்னாடி சும்மா கேட்டுப் பாருங்க. கொழும்பு போயிட்டு வந்தவங்க நோட்டை மாத்திடுவாங்க, ஆனா மணி சேஞ்சர்ல பொதுவா சில்லறை வாங்க மாட்டாங்க, அதனால அந்த ரெண்டு ரூபா அஞ்சு ரூபா எல்லாம் ஹேண்ட்பேக் அடியிலயோ கார் டேஷ்போர்டுலயோ வருஷக்கணக்கா கெடக்கும். 2023ல நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்கு கப்பல் விட்டதுக்கு அப்புறம் இந்தச் சில்லறை இன்னும் கொஞ்சம் புழங்குது. வெளிநாட்டு நாணயம் எவ்ளோ வேணா கையில வெச்சுக்கலாம், நம்ம ஊர் சட்டத்துல அதுக்கு லிமிட் இல்ல, அதனால அந்தக் கவலை வேணாம்.

பழசு வேணும்னா நீலகிரிப் பக்கம் சொந்தக்காரங்க யாராச்சும் இருக்காங்களான்னு பாருங்க. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துல இருந்து இங்க அனுப்பப்பட்டு வந்த குடும்பங்க கோத்தகிரி, கூடலூர்னு நிறைய இருக்கு. எங்க சித்தி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு பாட்டி, அட்டன் பக்கத்துல தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்க, ஒரு தகர டப்பாவை என் முன்னாடி கவுத்துப் போட்டாங்க, "இதெல்லாம் எதுக்கு தம்பி உனக்கு, பெட்டிக் கடையில கூட வாங்க மாட்டான்"னாங்க. அதுல ஜார்ஜ் ராஜா தலை போட்ட சதுர அஞ்சு சதம் எட்டு இருந்துச்சு. எட்டும் தேஞ்சு போயி, மூலையெல்லாம் மழுங்கி. அவங்க அம்மா சம்பளத்துல மிச்சம் வெச்சதாம். நான் ஒன்னே ஒன்னு கேட்டு வாங்கிக்கிட்டேன், மிச்சம் அவங்ககிட்டயே இருக்கட்டும்னு வந்துட்டேன். இந்த மாதிரி இடத்துல மொத்தமா அள்ளிட்டு வராதீங்க, விலை தெரியாதவங்ககிட்ட பேரம் பேசறது எனக்குப் பிடிக்காத விஷயம்.

எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு கேட்டா, எல்லா வருஷமும் வேணும்னு கெளம்பாதீங்க, ஒரு வகைக்கு ஒன்னு போதும். ஒரு சதத்துல இருந்து ஒரு ரூபா வரைக்கும் 1963ல புதுசா வந்த செட்டு, அதுதான் நல்ல தொடக்கம். அதுக்கு முன்னாடி காசுல ராஜா ராணி தலை, 1963ல அதை எடுத்துட்டு நாட்டோட சின்னத்தைப் போட்டாங்க, 1972ல சிலோன் ஸ்ரீலங்கா ஆனதும் சின்னமும் மாறிடுச்சு. ஆக ஒரே அஞ்சு சதம், ராஜா தலை ஒன்னு, சிலோன் சின்னம் ஒன்னு, ஸ்ரீலங்கா சின்னம் ஒன்னுன்னு மூணு வாங்கி வரிசையா வெச்சா ஒரு நாட்டோட கதை கைல இருக்கும், செலவும் பெருசா ஆகாது. 1978ன்னு போட்ட அலுமினிய அஞ்சு சதம் பத்து சதமும் சேத்துக்கோங்க, ஊதுனா பறந்துடும் போல அவ்ளோ லேசு.

எலிசபெத் ராணி முகம் வேணும்னு கேக்குறவங்களுக்கு, சிலோன்ல அது ரெண்டு சதத்துல மட்டும்தான், 1955, 1957ன்னு ரெண்டே வருஷம். மத்த மதிப்புல ராணி தலை போட்டு யாராச்சும் வித்தா கும்பிடு போட்டு நகந்துடுங்க.

ஒரு ரூபா பத்தி ஒரு சின்ன விஷயம் சொல்லிடறேன். 1872லயே அங்க நூறு சதம் ஒரு ரூபான்னு கணக்கு வந்துடுச்சு, நம்ம ஊர்ல அணா போனது 1957ல. ஆனா வெள்ளைக்காரன் காலத்து சிலோன் காசுல பெரிய மதிப்பே அம்பது சதம்தான், தனி ரூபா நாணயம் கிடையாது, நம்ம வெள்ளி ரூபாய்தான் அங்கயும் ஓடுச்சு. அதனால உங்க வீட்டுல விக்டோரியா ரூபாய் ஒன்னு இருந்தா அது ஒரு காலத்துல கொழும்புல அரிசி வாங்குன காசாக்கூட இருக்கலாம், யார் கண்டா. சிலோனோட மொத ஒரு ரூபா 1957ல, புத்தர் பரிநிர்வாணத்தோட 2500வது ஆண்டு நினைவா அடிச்சது. கூடவே வெள்ளியில அஞ்சு ரூபாயும் வந்துச்சு. ஒரு ரூபா சுலபமா கிடைக்கும், வெள்ளி அஞ்சு ரூபாக்கு கொஞ்சம் காத்திருக்கணும்.

இப்ப வாங்கப் போறப்ப பையில ஒரு சின்ன காந்தம் வெச்சுக்கோங்க, பழைய ஸ்பீக்கர்ல இருந்து கழட்டுனது போதும். 1984ல வந்த மஞ்சள் அஞ்சு ரூபா நிக்கல் பித்தளை, காந்தத்துல ஒட்டாது. 2005ல இருந்து வந்த மஞ்சள் அஞ்சு ரூபா மேல பித்தளைப் பூச்சு உள்ள இரும்பு, டக்குனு ஒட்டிக்கும். பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், வருஷம் தேஞ்சு போயிருந்தாக்கூட காந்தம் சொல்லிடும். அந்த அஞ்சு ரூபாவோட ஓரத்தையும் வெளிச்சத்துல உருட்டிப் பாருங்க, நடுவுல ஒரு பள்ளம் ஓடும், அதுக்குள்ள பொடி எழுத்துல சென்ட்ரல் பேங்க்கோட இனிஷியல் திரும்பத் திரும்ப இருக்கும். நம்ம பழைய தடி அஞ்சு ரூபாய்லயும் ஓரத்துல அதே மாதிரி ஒரு பள்ளம் இருக்குல்ல, கண்ணை மூடிட்டு ரெண்டையும் கையில வெச்சுப் பாருங்க, கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் ஆகும்.

கொஞ்ச நாள் போனதும் கண்டிப்பா பழங்காசு ஆசை வரும், எல்லாருக்கும் வரும். 1800கள் ஆரம்பத்துல வெள்ளைக்காரன் அடிச்ச யானை போட்ட செப்புக் காசு, அதுக்கு முன்னாடி டச்சுக்காரனோட விஓசி (டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி, நம்ம வ.உ.சி. இல்ல) துட்டு, அதுக்கும் முன்னாடி யாழ்ப்பாண ஆரியச் சக்கரவர்த்திகளோட படுத்திருக்கிற காளையும் "சேது"ன்னு தமிழ் எழுத்தும் போட்ட காசு. ராஜராஜன் செப்புக் காசும் இலங்கையில ஏகத்துக்கு கிடைச்சிருக்கு, ஒரு பக்கம் நிக்கிற ஆள், இன்னொரு பக்கம் உக்காந்த ஆள், அந்த டிசைனையே பொலன்னறுவை ராஜாக்களும் பரம்பரையா காப்பி அடிச்சாங்க. பராக்கிரமபாகு காசையும் ராஜராஜன் காசையும் பக்கத்துல வெச்சா அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும், பேரு நாகரி எழுத்துல இருக்கும், அதை வெச்சுதான் பிரிக்கணும்.

ஆனா மொத வருஷத்துல இதுல கை வைக்காதீங்க. யானைக் காசுல அச்சு வார்த்த போலி இருக்கு, லென்ஸ்ல பாத்தா மேல ஊசி முனை மாதிரி குட்டிக் குட்டி ஓட்டை, ஓரத்துல ஒட்டுப்போட்ட கோடு. அசல் காசு அடிச்சது, வார்த்தது இல்ல, அதுல அந்தக் குமிழி ஓட்டை வராது. அப்புறம் கொழும்புலயோ அனுராதபுரத்துலயோ தெருவுல யாராச்சும் "புதையல்ல எடுத்தது சார்"னு நீட்டுனா வாங்கவே வாங்காதீங்க, போலியா இருந்தா காசு போச்சு, அசலா இருந்தா இன்னும் மோசம், தொல்பொருளை லைசென்ஸ் இல்லாம அந்த நாட்டை விட்டு வெளிய எடுத்துட்டு வர முடியாது. இங்கயும் அதே கதைதான், நூறு வருஷம் தாண்டுன நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பாக்கணும்னா கொழும்பு கோட்டையில சத்தாம் தெருவுல சென்ட்ரல் பேங்க்கோட மியூசியம் இருக்கு, அங்க ஒரு மதியம் நின்னு கண்ணுக்குப் பழக்கிக்கோங்க, அப்புறம் போலி தானாத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீங்க. இதை நான் செஞ்ச தப்புல இருந்து சொல்றேன். 1943 ஒரு சதம் ஒன்னு, நல்ல சாக்லேட் கலர்ல பளபளன்னு இருந்துச்சு, எனக்கு அது அழுக்காத் தெரிஞ்சு புளி போட்டுத் தேச்சேன். அஞ்சு நிமிஷத்துல ரோஸ் கலர்ல புதுச் செம்புக் குழாய் மாதிரி ஆச்சு, சந்தோஷமா டப்பாவுல வெச்சேன், ஒரே மாசத்துல திட்டுத் திட்டா கறுத்து, பாக்கவே பரிதாபமாப் போச்சு. அந்தச் சாக்லேட் கலர் வர எழுபது வருஷம் ஆகியிருக்கும். ரொம்ப மண்ணு ஒட்டியிருந்தா டிஸ்டில்டு வாட்டர்ல ஊறப் போட்டு, தேய்க்காம ஒத்தி எடுங்க, அதோட நிறுத்துங்க.

வைக்கிறதுக்கு அட்டை ஹோல்டர் வாங்குங்க, நடுவுல கண்ணாடித்தாள் ஜன்னல் இருக்குமே அது. மெத்து மெத்துன்னு இருக்குற மலிவு பிளாஸ்டிக் கவர் வேணாம், அது நாளாக நாளாக கசிஞ்சு காசு மேல பச்சையா பிசுபிசுன்னு படியும். கடலோரம் இருக்குறவங்க அலுமினிய சதத்தைக் கண்டிப்பா மூடி வைங்க, உப்புக் காத்துல வெள்ளையாப் பூத்துடும். ஷூ டப்பாவுல வர்ற சிலிக்கா பொட்டலம் ரெண்டு போட்டு வெச்சா போதும். அட்டை மேல எங்க, எப்ப, யார்கிட்ட வாங்குனீங்கன்னு பென்சில்ல எழுதிடுங்க, ஆறு மாசத்துல மறந்துடும், சத்தியமா மறந்துடும்.

இதெல்லாம் ஒரு வழிக்கு வந்ததும் ஒரு இலக்கு வேணும்னா 2013ன்னு போட்ட பத்து ரூபா செட்டைப் புடிங்க. இலங்கையில மாவட்டம் 25, ஒவ்வொன்னுக்கும் தனி டிசைன்ல ஒரு நாணயம். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, மட்டக்களப்பு, நுவரெலியான்னு நியூஸ்ல கேட்ட பேரெல்லாம் வரும். டீலர்கிட்ட முழு செட்டாவே கிடைக்கும், ஆனா அப்படி வாங்குனா ஒரே நாள்ல முடிஞ்சிடும், என்ன ருசி இருக்கு அதுல. நான் ஒன்னு ஒன்னாத்தான் சேக்குறேன், 19 ஆச்சு. திருகோணமலை ரெண்டு இருக்கு, கிளிநொச்சி இன்னும் மாட்டல, யார்கிட்டயாச்சும் கூடுதலா இருந்தா மாத்திக்கலாம்.