பீரியட்ஸ் நின்னப்புறம் வர்ற தொப்பைக்கு 8 செகண்ட் சைக்கிள்: முதல் நாள்ல இருந்து எப்படி ஆரம்பிக்கிறது

எனக்கு 49 வயசுல பீரியட்ஸ் நின்னுச்சு. அதே சாப்பாடு அதே வீட்டு வேலைதான், ஆனா பாவாடை நாடா கட்டுற இடத்துல மட்டும் சதை ஏறிக்கிட்டே போச்சு. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது இடுப்பு தொடைன்னு சேர்ந்துட்டிருந்த கொழுப்பு வயித்துப் பக்கம் சேர ஆரம்பிக்குது, அதுலயும் ஈரல், குடலை சுத்தி உள்ளுக்குள்ள சேர்றதுதான் சுகருக்கும் ஹார்ட் பிரச்சனைக்கும் இழுத்துட்டுப் போகும், அதனால அழகு விஷயம்தானேன்னு தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

நான் பண்றது எக்சர்சைஸ் சைக்கிள்ல 8 செகண்ட் வேகமா, 12 செகண்ட் மெதுவா, இப்படியே மாத்தி மாத்தி மிதிக்கிறது. பிரான்ஸ்ல பீரியட்ஸ் நின்ன, சுகர் இருக்குற பெண்களை வச்சு இதையே 16 வாரம் பண்ணிப் பாத்தாங்க, வாரம் 2 நாள், தடவைக்கு 20 நிமிஷம், இன்னொரு குரூப்புக்கு ஒரே சீரா 40 நிமிஷம் சைக்கிள். மொத்தக் கொழுப்பு ரெண்டு குரூப்புக்கும் குறைஞ்சுது, ஆனா வயித்துக்குள்ள இருக்குற கொழுப்பு தெளிவா குறைஞ்சது 8-12 குரூப்புக்கு மட்டும்தான், அதுவும் உடம்பு எடை பெருசா மாறாமலே. 20 பேர் கூட இல்லாத சின்ன ஆராய்ச்சிதான், ஆனாலும் நம்ம வயசுப் பெண்களை வச்சுப் பண்ணது இல்லையா, அதான் எனக்கு முக்கியமா படுது.

முதல்ல டாக்டர். பிபி, சுகர், ஹார்ட் பிரச்சனை, மூட்டுத் தேய்மானம் எது இருந்தாலும் கேட்டுட்டு ஆரம்பிங்க. இன்சுலின் போடுறவங்களுக்கு சுகர் திடீர்னு இறங்கலாம், அதையும் கேட்டுக்கோங்க. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் ஆனப்புறம் துளி ரத்தம் பட்டாலும் எக்சர்சைஸ் அப்புறம், முதல்ல லேடி டாக்டரைப் போய்ப் பாருங்க.

அப்புறம் டேப். தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவுல சுத்தி, மூச்சை சாதாரணமா விட்டுட்டு, வயித்தை எக்காம அளந்து காலண்டர்ல எழுதுங்க. நம்ம ஊர்ப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினாலே கவனிக்கணும்.

சைக்கிள் செட் பண்றது. வீட்டு எக்சர்சைஸ் சைக்கிளே போதும். பெடல் கீழ போகும்போது முட்டி லேசா மடங்கி இருக்கணும், சீட் ரொம்பத் தாழ்வா இருந்தா ரெண்டே நாள்ல முட்டி வலிக்கும். இதுல குதிக்கிற வேலையே இல்ல, தும்மினாலே யூரின் லீக் ஆகுறவங்களுக்கு (நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கு, யாரும் வாயத் திறந்து சொல்றதில்ல) அது எவ்ளோ பெரிய நிம்மதின்னு பண்ணிப் பாத்தாதான் தெரியும்.

இப்போ ஓட்டலாம். முதல் ரெண்டு வாரம் சும்மா 15 நிமிஷம் மெதுவா ஓட்டிப் பழகுங்க, வேகமே வேணாம். மூணாவது வாரம் போன்ல டைமர் ஆப் போட்டு 8, 12னு செட் பண்ணுங்க. 5 நிமிஷம் மெதுவா ஓட்டி உடம்பை சூடாக்கிட்டு, பீப் அடிச்சதும் மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டுன்னு எட்டு வரைக்கும் எண்ணிக்கிட்டே வேகமா மிதிங்க, அடுத்த 12 செகண்ட் காலை நிறுத்தாம சும்மா சுத்த விடுங்க. முதல் நாலு ரவுண்டு இவ்ளோதானான்னு இருக்கும். பத்தாவதுல தொடை கனக்கும், பக்கத்துல யாராவது பேசினா "ம்", "சரி"ங்கறதத் தாண்டி பதில் வராது, அந்த அளவு வேகம்தான் சரி. முதல் நாள் 15 ரவுண்டு, அதாவது 5 நிமிஷம், அதோட நிறுத்திடுங்க. வாரத்துக்கு ரெண்டு மூணு நிமிஷம்னு கூட்டி 20 நிமிஷத்துக்கு வந்தா 60 ரவுண்டு ஆயிடும். முடிச்சதும் டக்குன்னு இறங்காதீங்க, 5 நிமிஷம் மெதுவா ஓட்டிட்டு இறங்குங்க. நெஞ்சு வலி, தலை சுத்தல், தாடை இல்ல இடது கை இழுக்குற மாதிரி இருந்தா அந்த செகண்டே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கையில இதயத் துடிப்பு காட்டுற வாட்ச் கட்டுறவங்க 206ல இருந்து வயசை 0.88ஆல பெருக்கிக் கழிங்க, இதயம் நிமிஷத்துக்கு அதிகபட்சம் எத்தனை தடவை துடிக்கும்னு பெண்களுக்குன்னே போட்ட கணக்கு இது. 50 வயசுன்னா 162, அதுல 80 பர்சென்ட் கிட்டத்தட்ட 130, வேகமா மிதிக்கும்போது துடிப்பு அந்தப் பக்கம் இருந்தா போதும். ஆனா பிபிக்கு துடிப்பைக் குறைக்கிற மாத்திரை சாப்பிட்டா இந்தக் கணக்கு ஒத்து வராது, மூச்சை வச்சே பாத்துக்கோங்க.

எத்தனை நாள்? வாரம் 2 நாள், பழகினப்புறம் 3, நடுவுல ஒரு நாளாவது கேப் விடுங்க. மத்த நாள்ல நாற்காலில இருந்து கையூனாம எந்திரிச்சு உக்கார்றது 10 தடவை, ரெண்டு மூணு செட். இந்த வயசுல தசை பலமும் எலும்பு பலமும் சேந்தே குறையும், சைக்கிள் மட்டும் அதுக்குப் போதாது. சாப்பாட்டுல சாதத்தைக் கொஞ்சம் குறைச்சு முட்டை, சுண்டல், பருப்பைக் கூட்டுங்க.

சைக்கிள் இல்லையா, ஜப்பான்காரங்க பண்ற மாதிரி 3 நிமிஷம் வேக நடை, 3 நிமிஷம் மெதுவா, இப்படி 5 தடவை நடங்க.

எடை மெஷின் மேல தினமும் ஏறாதீங்க. மாசத்துக்கு ஒரு தடவை, காலைல வெறும் வயித்துல, அதே இடத்துல டேப் சுத்தி காலண்டர்ல பழைய நம்பருக்குக் கீழயே புதுசை எழுதுங்க.