மாசூட்டிய மொட் காவலிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உயர்தரப் பௌதிகவியலில் சிலிக்கனைக் கொண்டு குறைகடத்திகளைக் கற்றுப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர், செம்பு ஒட்சைட்டுகளையும் அதே கண்ணால் பார்க்க முற்படுவதிலிருந்தே குழப்பங்களிற் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

இலந்தனம் செம்பு ஒட்சைட்டு மின்னைக் கடத்தாதது பட்டை (இலத்திரன்கள் இருக்கக்கூடிய சக்தி நிலைகளின் தொகுதி) நிரம்பியிருப்பதால் என்று எண்ணக்கூடாது. அதன் பட்டை பாதிதான் நிரம்பியது. பட்டைக் கொள்கைப்படி அது உலோகமாக இருந்திருக்க வேண்டும். காம்பராவுக்கொரு குடும்பம் குடியிருக்கும் லயத்தில், இன்னொன்றுக்கு இடமில்லாததால் எவரும் நகர முடியாதிருப்பதுபோல, இலத்திரன்களின் தள்ளுவிசை ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்திவைக்கிறது. இவ்வாறு தள்ளுவிசையால் மின்னைக் கடத்தாதிருக்கும் பொருளே மொட் காவலி.

மாசூட்டினாலும் (வேற்றணுக்களைச் சேர்த்து இலத்திரன் எண்ணிக்கையை மாற்றினாலும்) பட்டைகள் மாறாது, நிரம்பிய அளவு மட்டுமே மாறும் என்று கொள்வது, என் மதிப்பீட்டில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. சிலிக்கனில் ஓர் இலத்திரனை அகற்றினால் வெற்று நிலை ஒன்றே உண்டாகும். மொட் காவலியிலோ, வெறுமையான அந்த இடத்துக்கு மேல்நோக்கிய சுழற்சியுடனோ (இலத்திரனின் காந்தத் திசை) கீழ்நோக்கிய சுழற்சியுடனோ ஓர் இலத்திரன் தள்ளுவிசையின் செலவின்றி வரலாம் என்பதால், குறைந்த சக்தியில் இரண்டு நிலைகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்று, தள்ளுவிசையின் செலவால் உயர்ந்திருந்த மேற்பட்டையிலிருந்து இறங்கி வந்தது. துளை, அதாவது இலத்திரன் அகன்ற வெற்றிடம், நகரும்போதும், ஒன்றுவிட்டு ஒன்று எதிர்த்திசை நோக்கும் சுழற்சிகளின் ஒழுங்கைக் குலைத்துக்கொண்டே நகர்கிறது. அத்துளையைச் செம்பின் மீது மட்டும் வரைவதும் பிழையே. அது பெரிதும் ஒட்சிசனில் தங்குகிறது.

மாசு கூடக்கூட மீகடத்தல் (தடையின்றி மின் பாய்தல்) வலுக்கும் என்பதும் சரியன்று. இலந்தனத்துக்குப் பதிலாக ஸ்ட்ரொன்சியத்தைச் சேர்க்கையில், ஒரு செம்புக்கு ஏறத்தாழ 0.02 துளை என்ற அளவிலேயே நீள்வீச்சுக் காந்த ஒழுங்கு அழிகிறது, 0.05 அளவில் மீகடத்தல் தோன்றுகிறது; அது தொடங்கும் மீகடத்து வெப்பநிலை 0.16 அருகே ஏறத்தாழ 38 கெல்வினை எட்டிப் பின்னர் தேய்கிறது. செம்பு ஒட்சைட்டுகளில் மீகடத்தலைக் கண்டறிந்த பெட்னோர்சும் முல்லரும் 1986இல் ஆராய்ந்த, ஸ்ட்ரொன்சியத்துக்குப் பதிலாகப் பேரியம் சேர்த்த குடும்பத்தில், எட்டில் ஒரு பங்கு மாசூட்டலின்போது, துளைகளும் சுழற்சிகளும் வரிவரியாக ஒழுங்குபடுவதால் மீகடத்து வெப்பநிலை சில கெல்வினுக்கு வீழ்ந்துவிடுகிறது.

குறைவாக மாசூட்டிய பொருளில் மீகடத்து வெப்பநிலைக்கு வெகு மேலேயே தோன்றும் போலி இடைவெளியை (இலத்திரன் நிலைகள் குறைந்துவிடும் சக்தி வீச்சை) மீகடத்தல் இடைவெளி என உடனே பெயரிடவேண்டாம். அது பெர்மி மேற்பரப்பின் (நிரம்பிய நிலைகளை வெற்று நிலைகளிலிருந்து பிரிக்கும் எல்லையின்) சில பகுதிகளை மட்டும் அழித்து, எஞ்சியவற்றை வில் துண்டுகளாக விடுகிறது. மீகடத்து வெப்பநிலை உச்சமாகும் மாசூட்டலுக்கு அருகே வெப்பநிலையுடன் நேர்கோட்டில் ஏறும் தடைத்திறனும் சாதாரண உலோகத்தின் அடையாளமன்று: மோதல்களுக்கிடையிலான தூரம் அணுக்களின் இடைவெளியிலும் குறுகிவிட்டதாகக் கணிப்பு காட்டும் வெப்பநிலையிலும், அந்தக் கோடு வளையாமல் தொடர்கிறது.