அடைமழைக் காலத்தில் தோட்டத்து ஆற்றில் கெளுத்தி பிடிக்க

நவம்பர் அடைமழையில் நீர் குளிர்ந்தால் மீனின் பசி மந்தமாகும். விடியலில் போகாதீர்கள், வெயில் ஏறட்டும். கலங்கிய நீரில் கெளுத்தி வாசனையாலும் மீசையாலும்தான் இரை தேடும். ஒரே முள்ளில் இரண்டு மண்புழுக்களைக் கோத்து, ஒரு சாண் மேலே ஈயக்குண்டு கட்டி, ஓட்டம் தணிந்த ஓரத்தில் அடிமட்டத்தில் விடுங்கள். ஈயம் லேசானால் நீரோட்டம் இரையை இழுத்துப்போய் வேரில் சிக்கவைக்கும்.

இடி கேட்டதும் தூண்டிலைக் கீழே போடுங்கள். கார்பன் கழி மின்சாரம் கடத்தும். செம்பனை மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. காருக்குள் போய், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் இருங்கள்.

நீர் திடீரெனச் செம்மண் நிறமாகிச் சருகு மிதந்து வந்தால், மலையில் மழை கொட்டுகிறது. சாமானை விட்டுவிட்டு மேடேறுங்கள்.

காலில் புண்ணா? ரப்பர் பூட்ஸ் கட்டாயம். எலிச் சிறுநீர்க் கிருமி புண் வழியாக எளிதில் நுழையும்; கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையலாம். பிறகு காய்ச்சல் கண்டால், ஆற்றில் இறங்கியதைக் கிளினிக்கில் சொல்லுங்கள்.