ஐஸ் காபிக் கலவை: கலக்கும் முன்பே நேர்ந்துவிடும் தவறுகள்

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று மாலை, கீழக்கரையில் எங்கள் வீட்டில் கூடியிருந்த பன்னிரண்டு பேருக்காக நான் கலந்த ஐஸ் காபி, கையில் எடுத்துக் கொடுப்பதற்குள்ளாகவே திரிந்துபோயிற்று. டிகாஷனும் நன்னாரியும் பாலும் சேர்ந்த கலவை அது. கண்ணாடிக் குவளையின் ஓரமெங்கும் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்க, நடுவில் பழுப்பு நீர் தெளிந்து நின்றது. முதல் குவளையை வாங்கிய லாத்தா (அக்கா) ஒரு மிடறு குடித்துவிட்டு, "என்ன தம்பி, காப்பியில மோரை ஊத்திட்டியா?" என்று கேட்டார். நான் ஊற்றியது மோர் அன்று. பகல் சர்பத்துக்காக எலுமிச்சை பிழிந்து வைத்திருந்த நன்னாரிப் பாகு. எலுமிச்சை சேராத பாட்டில் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது இரண்டு பாட்டில்களிலும் காகிதம் ஒட்டி எழுதி வைத்திருக்கிறேன்.

பாலில் உள்ள கேசீன் என்னும் புரதம், அமில அளவு (pH; இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.6-ஐ நெருங்கும்போது ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். காபியே ஓரளவு அமிலத்தன்மை உடையதுதான். அதன் அளவு ஏறக்குறைய 5. காபியின் அமிலத்தை மட்டும் பால் தாங்கிக்கொள்ளும். அதன்மேல் எலுமிச்சையும் விழுந்தால் தாங்காது. ஆகவே ஒரு குவளையில் பால் இருக்க வேண்டுமா, புளிப்பு இருக்க வேண்டுமா என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். ஆரஞ்சுச் சாறு, புளி, மாதுளை ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நன்னாரிக்கும் பாலுக்கும் பகை ஏதும் இல்லை. பகை முழுவதும் எலுமிச்சையோடுதான்.

இந்தத் தவறாவது கண்ணுக்குத் தெரிந்தது. ஐஸ் காபிக் கலவையில் நேரும் பெரும்பாலான தவறுகள் நாக்குக்கு மட்டுமே தெரிபவை. குடித்தவர் "நன்றாக இருக்கிறது" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் பாதிக் குவளையை மேசையில் வைத்துவிட்டுப் போவதிலிருந்துதான் அவற்றை நாம் அறிய வேண்டியிருக்கிறது. அவற்றுள் முதன்மையானது, குளிர்ச்சி என்பது கடைசியில் ஐஸ் போட்டால் வந்துவிடும் ஒன்று என்ற நம்பிக்கை. ஐஸ் குளிர்ச்சியை இலவசமாகத் தருவதில்லை. உருகித்தான் தருகிறது, உருகியது அத்தனையும் குவளைக்குள் தண்ணீராகச் சேருகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது விளங்கும். ஒரு கிராம் ஐஸ் உருகுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். உறைபெட்டியிலிருந்து எடுத்த கட்டியைப் பூஜ்ஜியம் பாகைக்குக் கொண்டுவருவதற்கும், உருகிய நீர் 5 பாகைக்குச் சூடேறுவதற்கும் இன்னும் சிறிது சேரும். 60 பாகைச் சூட்டில் இருக்கும் 100 மில்லி டிகாஷனை 5 பாகைக்கு இறக்க 5,500 கலோரியை அதிலிருந்து எடுத்தாக வேண்டும். அப்படியானால் ஏறக்குறைய 60 கிராம் ஐஸ் உருகும். நூறு மில்லி காபி நூற்றறுபது மில்லியாகிவிடுகிறது. அதே டிகாஷன் ஆறி, நம் ஊர்க் கோடையின் 32 பாகையில் இருந்தால் 30 கிராம் உருகினால் போதும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து 5 பாகைக்கே கொண்டுவந்துவிட்டால், பரிமாறும் நேரத்தில் ஐஸ் குளிர்ச்சியைக் காத்து நின்றால் போதும், உருக வேண்டிய கட்டாயமே இல்லை. டிகாஷன், பாகு, பால், குவளை ஆகிய நான்கையும் முன்கூட்டியே குளிர வைத்தவர், கலவையில் பாதியை வென்றவர்.

அவசரத்தில் சுடச்சுடக் கலக்க வேண்டியிருந்தால் அதற்கும் வழியுண்டு: உருகப்போகும் நீரை முன்னமே கணக்கில் கழித்துவிட்டு, டிகாஷனை அந்த அளவுக்குக் கெட்டியாக இறக்குவது. பித்தளை ஃபில்டரில் 30 கிராம் பொடிக்கு 160 மில்லி கொதிநீர் ஊற்றினால் ஏறக்குறைய 100 மில்லி இறங்கும். மிச்சத்தைப் பொடி தன்னோடு பிடித்துக்கொள்ளும். இதுதான் கலவைக்குத் தேவையான கெட்டி. காலையில் இறக்கிய முதல் டிகாஷனைக் குடித்துவிட்டு, அதே பொடியில் மறுபடி நீரூற்றி எடுத்த இரண்டாம் டிகாஷனை மாலை ஐஸ் காபிக்கு ஒதுக்கும் சிக்கனம் எங்கள் வீட்டிலும் இருந்தது. சூடான பாலில் அது எப்படியோ தப்பித்துவிடும். ஐஸில் தப்பிக்காது.

பொடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காபி, சிக்கரிக் கலவைப் பொடியில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 49 விழுக்காடு வரை சிக்கரி இருக்கலாம். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் அளவைப் படிக்காமல் வாங்குகிறோம். சூட்டில் உடம்பும் நிறமும் தரும் சிக்கரி, குளிரில் தீய்ந்த சர்க்கரைப் பாகின் கசப்பை முன்னே தள்ளுகிறது. ஐஸ் கலவைக்குச் சிக்கரி இல்லாத பொடியோ, இருபது விழுக்காட்டுக்கு மேற்படாத பொடியோ நல்லது. குளிர்நீரில் இரவு முழுதும் ஊறவைத்துச் சாறெடுப்பவர்கள், ஃபில்டருக்கு அரைத்த மெல்லிய பொடியைப் பயன்படுத்தினால் சேறுதான் மிஞ்சும். ரவை பருமனுக்கு அரைத்த தனிக் காபிப் பொடி 100 கிராமுக்கு 800 மில்லி நீர் என்ற கணக்கில், பன்னிரண்டு முதல் பதினாறு மணி நேரம் ஊறவிட வேண்டும். அதையும் குளிர்பதனப் பெட்டிக்குள்தான் செய்ய வேண்டும். அடுக்களை மேடையில் மூடி வைத்தால், நம் கடற்கரை இரவின் வெக்கையில் கிருமிகளுக்கும் அது நல்ல ஊறல்தான்.

இனி, ஐஸ். இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இதைப் பற்றி நீளமாகவே பேசியாக வேண்டும். கிணற்று நீர் உவர்ப்பாக இருப்பதால், குடிப்பதற்கு நல்ல தண்ணீரைக் குடக்கணக்கிலோ கேன்கணக்கிலோ வாங்குகிறோம். டிகாஷனுக்கும் அதையே ஊற்றுகிறோம். ஆனால் ஐஸ் தட்டைக் குழாயடியில் நீட்டி நிரப்பிவிடுகிறோம். மேலே சொன்ன கணக்கின்படி குவளையில் மூன்றில் ஒரு பங்கு அந்தத் தட்டிலிருந்து வந்த நீராக இருக்கலாம் என்னும்போது, ஐஸும் ஒரு சேர்மானம்தான் என்பதை மறந்துவிடுகிறோம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கரைந்துள்ள உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம். காபி வல்லுநர்கள் விரும்புவதோ 150-ஐ ஒட்டிய அளவு. உப்பு மிகுந்த நீரில் காபியின் மணம் மழுங்கிப்போகும். நேர்மாறாக, சுத்திகரிப்பு இயந்திரத்திலிருந்து இருபது முப்பது அளவில் வரும் வெறுமையான நீரில் காபி சப்பென்று இருக்கும்.

நீர் சரியாக இருந்தாலும் வாடை ஒன்று உண்டு. காலையில் கரையில் வாங்கிய நெத்திலியும் கணவாயும் உறைபெட்டியில் பொட்டலமாகக் கிடக்க, அதே பெட்டியில் மூடியில்லாத தட்டில் நீர் உறைகிறது. ஐஸ் சுற்றியுள்ள வாடையை வாங்கிக்கொள்ளும். மீன் குழம்புக்குப் பழகிய மூக்குக்கு இது தெரியாமல் போகலாம் என்பதால், ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே ஒரு கட்டியை வெறும் டம்ளரில் போட்டு முழுவதும் உருகவிட்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் குடித்துப் பாருங்கள். நான் அப்படிக் குடித்த அன்றே மூடியுள்ள ஐஸ் தட்டு வாங்கினேன். விருந்துக்கு ஐஸ் போதவில்லையென்று படகுத்துறையில் விற்கும் ஐஸ் பாளத்தை உடைத்து வருவது இவையெல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. அது மீனுக்கான ஐஸ். குடிநீரில் செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. உண்ணத் தகாத ஐஸுக்கு நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்திருப்பது இதற்காகத்தான். சாயம் தெரியவில்லை என்பதற்காக அதைக் குடிக்கத்தக்கது என்று கொள்ளக் கூடாது.

இனிப்பில் நேரும் தவறு எளிமையானது. குளிர்ந்த காபியில் சீனியைப் போட்டுக் கலக்கினால் அடியில் மணலாய்க் கிடக்கும். கடைசி மிடறு மட்டும் தித்திக்கும். எந்த இனிப்பாயினும் பாகாகத்தான் சேர்க்க வேண்டும். குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும் என்பதால், சூடான காபிக்குப் போடுவதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டியிருக்கும். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைக்கும் நாம் அதைவிட்டுச் சீனிப்பாகைத் தேடுவது தேவையற்றது என்பது என் கருத்து. அதன் புகைமணம் காபியோடு பிறந்ததுபோல் சேர்கிறது. 200 கிராம் கருப்பட்டியை 200 மில்லி நீரில் கரைத்து ஒரு கொதி விட்டு, துணியில் வடித்து, அரை மணி நேரம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் தூசியை விட்டுவிட்டு மேலாக ஊற்றிக்கொள்ள வேண்டும். வடிக்காமல் ஊற்றினால் பல்லில் நெறநெறக்கும்.

தேங்காய்ப்பால் சேர்க்க விரும்புபவர்களின் ஏமாற்றம் வேறு வகையானது. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகையிலேயே உறைந்துவிடும். கெட்டியான முதல் பாலை ஐஸ் காபியில் ஊற்றினால் கொழுப்பு குருணை குருணையாக மிதந்து, உதட்டில் மெழுகுபோல் ஒட்டும். இதைத் திரிந்துவிட்டதாக எண்ணிக் கொட்டிவிடுகிறார்கள், திரியவில்லை, உறைந்திருக்கிறது. இரண்டாம் பாலை எடுத்து மெல்லிய துணியில் வடித்துச் சேர்த்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

இத்தகைய கலவைகளைக் காக்டெய்ல் என்றும் சொல்வதுண்டு; அந்தச் சொல்லுக்கு வருவோம். எங்கள் வீட்டில் மது இல்லை. ஆனால் இந்தக் கலவைகளுள் பல மதுவோடு பிறந்தவை. 1980-களில் இலண்டனில் டிக் பிராட்செல் என்பவர் கலந்து புகழ்பெற்ற எஸ்பிரெசோ மார்ட்டினியில் வோட்காவும் காபி மதுவும் எஸ்பிரெசோவும் சேரும். அதன் செய்முறையைப் பார்த்து, மதுவை மட்டும் நீக்கிவிட்டு மற்றவற்றை அப்படியே கலப்பதுதான் நம்மவர்கள் செய்யும் தவறு. மது அங்கே வெறும் போதைக்காக இல்லை. இனிப்பை வெட்டி, தொண்டையில் ஒரு காரத்தையும் வைக்கிறது. அதை எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால் மிஞ்சுவது இனிப்புக் காபி. அந்த இடத்தில் சுக்கை வைக்கலாம்: பத்து கிராம் சுக்கைத் தட்டி 200 மில்லி நீரில் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு வடித்த சாறு. 60 மில்லி டிகாஷன், 20 மில்லி கருப்பட்டிப் பாகு, 20 மில்லி சுக்குச் சாறு, விரல் நுனியில் ஒட்டும் அளவு உப்பு என்பது என் அளவு. உப்பு கசப்பை அடக்கும். உவர்நீர் ஐஸ் போட்டவருக்கு அது தேவைப்படாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாயைக் கீறி ஊறவைத்தும் பார்த்தேன். வேண்டாம்.

மது சேர்ப்பவர்களுக்கு ஒரு செய்தி உண்டு. காபி தூக்கத்தை விரட்டுமே தவிர, இரத்தத்தில் உள்ள மதுவைக் குறைக்காது. தெளிவாக இருப்பதாக எண்ணி மேலும் ஊற்றிக்கொள்வதும் வண்டியை எடுப்பதும் இதனால் நேர்பவை.

சோடா சேர்க்கும் கலவையில் வரிசை முக்கியம். குவளையில் காபியை ஊற்றி அதன்மேல் சோடாவைக் கவிழ்த்தால் நுரை பொங்கி மேசை முழுதும் ஓடும். முதலில் ஐஸ், பிறகு குவளையைச் சாய்த்துச் சோடா, கடைசியில் கரண்டியின் முதுகில் வழியவிட்டுக் காபி. பன்னீர் சோடாவும் இதற்குப் பொருந்தும், பாகைக் குறைத்துக்கொண்டால். சோடா சேர்த்தபின் மூடிக் குலுக்குவது கூடவே கூடாது. மூடி எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

குலுக்க வேண்டியவை சோடா இல்லாத கலவைகள். அதற்கென்று தனிக் கருவி வேண்டியதில்லை. மூடி இறுகும் எவர்சில்வர் பாட்டிலில் பாதியளவு ஐஸோடு ஊற்றி, உள்ளங்கையில் குளிர் உறைக்கும்வரை, பதினைந்து விநாடி வேகமாகக் குலுக்கினால் மேலே நுரை நிற்கும். சூடான டிகாஷனை ஊற்றி மூடினால் உள்ளே காற்று விரிந்து மூடியைத் தள்ளிவிடும். டபராவில் ஆற்றியே நுரை எழுப்பத் தெரிந்தவர்கள், குளிர்ந்த கலவையையும் ஓரடி உயரத்திலிருந்து நாலைந்து முறை ஆற்றலாம், தோல்வி இராது.

நுங்கு கிடைக்கும் பருவத்தில் அதைச் சேர்க்க விரும்பினால், தோல் நீக்கி விரலளவுத் துண்டுகளாகக் கடைசியில் போடுங்கள். மிக்ஸியில் அடித்தால் வழுவழுப்பாகி வேறு எதையோ குடிப்பதுபோல் ஆகிவிடும். கூட்டத்துக்குப் பரிமாறும்போது டிகாஷன், பாகு, சுக்குச் சாறு மூன்றையும் ஒரு கூஜாவில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டு, பாலையும் ஐஸையும் ஒவ்வொருவர் வந்து அமர்ந்த பிறகே சேர்க்க வேண்டும். பன்னிரண்டு குவளையையும் முன்பே நிரப்பித் தட்டில் அடுக்கினால், நம் ஊர்ப் புழுக்கத்தில் பன்னிரண்டாமவர் கைக்குப் போவது காபி கழுவிய தண்ணீர்தான்.